சின்னக் கதைகள் சொன்ன பெரிய பாடம்



"ரெக்கார்டு எழுதவே நேரம் இல்ல, இதுல கதை வேறயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படிக் கேட்டவன்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. இந்த ஆண்டு நான் படித்து ரசித்த இரண்டு சின்னப் படைப்புகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, ஐசக் அசிமோவின் 'ரன்அரவுண்ட்' என்ற அறிவியல் சிறுகதை. 1942-ல் வெளியானது. அதில் ரோபோவுக்கு மூன்று விதிகள்:

1. மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது. தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது.
2. மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும்.
3. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

மோதல் வந்தால் முந்திய விதிக்கே முதலிடம்.

புதன் கிரகத்தில் செலினியம் எடுத்துவர 'ஸ்பீடி' என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்பீடி விலை உயர்ந்தது என்பதால் அதன் மூன்றாம் விதிக்குக் கூடுதல் பலம் கொடுத்திருந்தார்கள். செலினியக் குட்டை அருகே ஆபத்து. கட்டளை உள்ளே இழுக்கிறது, ஆபத்து வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நம்ம மெக்கானிக்ஸ் பாடத்தில் வரும் சமநிலையேதான்! கடைசியில் பவல் என்பவர் கொடும் வெயிலில் போய் நின்று தன் உயிரையே பணயம் வைக்கிறார். முதல் விதி விழித்துக்கொள்கிறது. ஸ்பீடி ஓடி வந்து அவரைக் காக்கிறது.

படித்ததும் எனக்குத் திக்கென்றது. கணக்கில் அரியர் வைத்துவிட்டு, சந்தேகம் கேட்கப் போய், வெட்கப்பட்டு, ஆசிரியர் அறை வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தவன் நான். அப்பா தோளில் மூட்டை தூக்கிய தழும்பு நினைவுக்கு வந்தது. அதுதான் என் முதல் விதி. மறுநாளே உள்ளே போய்க் கேட்டேன். அரியர் கிளியர் ஆகிவிட்டது.

இரண்டாவது, சாப்பாட்டைப் பற்றிய ஜப்பானியப் படக்கதை 'கொடோக்கு நோ குருமே'. எழுதியவர் மசாயுக்கி குசுமி, படம் ஜிரோ தனிகுச்சி. 1994 முதல் 1996 வரை தொடராக வந்தது. சண்டை இல்லை, வில்லன் இல்லை. வியாபாரி கோரோவுக்கு வேலை நடுவே பசிக்கும். ஏதாவது ஒரு சின்னக் கடையில் தனியே சாப்பிடுவார், அவ்வளவுதான்! முதல் அத்தியாயத்தில், கூலித் தொழிலாளர்கள் தங்கும் டோக்கியோவின் சான்யா பகுதியில் பன்றிக்கறி வறுவலும் சூப்பும் கேட்கிறார். சூப்பிலும் பன்றிக்கறி! ஒரே கறி இரண்டு தடவையா என்று தனக்குள் நொந்துகொண்டே ரசித்துச் சாப்பிடுகிறார்.

ஒர்க்ஷாப் பின்னால் ஒளிந்து பழைய சோறு சாப்பிட்டவன் நான். இப்போது உங்கள் நடுவில் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறக்கிறேன். வெங்காயத்துக்குப் போட்டியே நடக்கிறது!

நண்பர்களே, பெரிய புத்தகம் வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சின்னக் கதை படியுங்கள். "இதில் நான் எங்கே நிற்கிறேன்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

படிப்போம்! உயர்வோம்!