இருமலுக்கும் சளிக்கும் மருந்து தேர்தல்

திருவிழாவிற்கு வந்து பெருமாளைச் சேவித்துத் திருத்துழாய்த் தீர்த்தம் பெற்று ஊர் திரும்பும் அடியார்களுள் சிலர், சளியையும் இருமலையும் உடன்கொண்டு செல்வதுண்டு. பனியும் குளிர்ந்த நீருமே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுவர். உண்மையில் சளி என்பது வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. மக்கள் நெருங்கிக் கூடும் இடத்தில் தும்மலாலும் கைகளாலும் அது எளிதிற் பரவும்.

இந்நோய் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானே தணியும். மருந்து துன்பத்தைக் குறைக்குமேயன்றி நோயின் நாட்களைக் குறைப்பது அரிது. பாக்டீரியாவை அழிக்கும் மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை. ஆதலின் அவற்றைத் தாமே வாங்கி உண்பதால் பயனில்லை.

இருமலும் ஒரு காவலே. கோழையை வெளியேற்றும் இருமலை அடக்குதல் நன்றன்று. வெந்நீர் பருகுதல், உப்புநீரால் தொண்டை கொப்பளித்தல், ஓய்வு ஆகியவை பெரியோர்க்கு ஏற்றவை. நம் முன்னோர் சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை, ஆடாதோடை ஆகியவற்றைக் கையாண்டனர். ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவாயிற்று. எனினும் கருவுற்ற மகளிர் ஆடாதோடையைத் தவிர்த்தல் வேண்டும். இரவு இருமலுக்குத் தேன் இதமளிக்கும். ஆனால் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு அதனைத் துளியும் தரலாகாது.

கரும்பு விளைந்து சர்க்கரை ஆலையும் அமைந்த எறையூர்ப் பகுதியினர் இனிப்பின் அருமையை அறிவர். ஆயினும் இனிப்பதெல்லாம் நன்மை தருவதன்று. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சும் இனிப்புடையதே. மருந்தைக் கரைக்கும் நீர்மங்களோடு அது கலந்துவிடின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இதனால் மாண்டனர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து உண்ட இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட ‘கோல்ட்ரிப்’ என்னும் அம்மருந்தைத் தமிழக அரசு சோதித்தபோது, அதில் இந்நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தமிழகத்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

அதனையொட்டி மத்திய அரசு, இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகட்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரலாகாது என்றும், ஐந்து வயதிற்கு உட்பட்டோர்க்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கனவல்ல என்றும் அறிவுறுத்தியது. நாவிற்கு இனிது என்பதாலோ, அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கேட்டது என்பதாலோ மருந்து தேர்தல் கூடாது. மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த புட்டியை இளைய பிள்ளைக்குத் தருவதும் பிழையே. இரண்டு புட்டிகளில் ஒரே மருந்து வேறு பெயரில் இருத்தலும் உண்டு. அவற்றைச் சேர்த்து அருந்தினால் அளவு இரட்டிக்கும்.

குழந்தை விரைந்து மூச்சுவிடினும், மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்கினும், பால் குடிக்க மறுப்பினும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க. மருந்து உண்டபின் சிறுநீர் குறைந்தாலும் அவ்வாறே செய்க. பெரியோர்க்கு இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது காசநோயாகவும் இருக்கலாம்.

தக்க மருந்தைத் தேர்வது அறிவு. மருந்து வேண்டாத இடத்தில் பொறுத்திருப்பது அதனினும் சிறந்த அறிவு. பிள்ளைகளோடு வந்த அடியார் யாவரும் நலமே இல்லம் சேர்வாராக.