கிணறும் மில்லும் கல்லுடைப்பும்: தொழிலிடங்களில் அபாய நிவாரணம்

விபத்தொன்று நேர்ந்தால் கிராமத்தில் முதலில் எழும் பேச்சு, "ஆள் ஜாக்கிரதையாக இருக்கவில்லை" என்பதே. கிணற்றில் தூர் வார இறங்கியவர் மூர்ச்சித்து வீழ்ந்தாலும், நெல் மில்லில் பெல்ட் பற்றிக் கை ஒடிந்தாலும், கல்லுடைப்பவர் இருமி இளைத்தாலும், குற்றம் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது. இத்தொழில்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவைபோலத் தோன்றினும் இவற்றின் அபாயங்களை விலக்கும் முறை ஒன்றேயாகும். அபாயத்தை அடியோடு அகற்ற இயலுமா என்று பார்த்தல் முதலாவது. இயலாவிடில் அபாயமான பொருளுக்குப் பதில் வேறொன்றை உபயோகித்தல். அதுவும் கூடாவிடில் அபாயத்தை மனிதன் அணுகாதபடி மறித்தல். அதன்பின் வேலை நடக்கும் ஒழுங்கை மாற்றுதல். கையுறையும் முகமூடியும் கொடுத்து ஜாக்கிரதை சொல்லுவது கடைசியிலேயே வரவேண்டும். வழக்கத்திலோ இவ்வரிசை தலைகீழாக இருக்கிறது.

தீக்குச்சித் தொழிலின் சரித்திரம் இதனை நன்கு விளக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீக்குச்சிச் சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவியால் தொழிலாளரின் தாடையெலும்பு அழுகிற்று. 1906இல் பெர்ன் நகரில் பல தேசத்தார் கூடி அப்பொருளைத் தீக்குச்சியில் சேர்ப்பதைத் தடுக்க உடன்படிக்கை செய்தனர். இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. தீங்கற்ற வேறு மருந்து வழக்கில் வரவே அந்நோயும் ஒழிந்தது. தொழிலாளர் முன்னினும் ஜாக்கிரதையுள்ளவர்கள் ஆனதனால் ஒழிந்ததன்று.

நெல் மில்லுக்கு வருவோம். ஓடும் பெல்ட்டும் சக்கரமும் வேஷ்டியின் நுனியையோ சேலைத் தலைப்பையோ பற்றினால், பற்றியதை உணர்வதற்குள் ஆள் இழுக்கப்பட்டு விடுவார். ஆகவே கம்பிவலையாலேனும் பலகையாலேனும் அடைப்புச் செய்தல் அவசியம். அடைப்பு இருந்தும் விபத்து நேரும் மில்களும் உண்டு. எண்ணெய் இடுவதற்காகக் கழற்றிய அடைப்பு திரும்ப மாட்டப்படாமல் மூலையில் சார்த்திக் கிடப்பதே அதன் காரணம். எண்ணெய்க் குழாயை அடைப்புக்கு வெளியே நீட்டிவிட்டால் கழற்ற வேண்டிய அவசியமே இராது. இதற்கு ஆகும் செலவு அற்பமே. கதிரடிக்கும் யந்திரத்திலும் இதே நியாயம் செல்லும். பஞ்சாப், ஹரியானா முதலிய இடங்களில் கதிரைத் தள்ளிய கைகளே யந்திரத்துள் அகப்பட்டு அநேகர் கையிழந்தமையால், 1983இல் அபாயகர யந்திரங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கதிர் ஊட்டும் வாய் சுமார் 90 சென்டிமீட்டர் நீளமாகவும், அதில் பாதி மேலே மூடியதாகவும் இருந்தால் கை கத்தியை எட்டாது.

கல்லுடைப்பில் எதிரி தூள். கண்ணுக்குத் தெரியும் தூளைவிடத் தெரியாத நுண்தூளே நுரையீரலின் ஆழத்திற் சென்று தங்கிச் சிலிக்கோஸிஸ் என்னும் தீராத நோயை விளைக்கிறது. மூக்கில் கட்டும் துண்டு அதனைத் தடுக்காது. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூள் எழும்பாமலே அடங்கும்.

இனிக் கிணறு. இங்கே சற்று நின்று பார்த்தல் வேண்டும். ஏனெனில் ஒரே வேளையில் ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பேரைக் கொண்டுபோவது இதுவே. நெடுநாள் இறைக்காத கிணற்றில் இலை தழை அழுகிக் கரியமில வாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கும். சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அது 16 அல்லது 17 பங்காகக் குறையுமிடத்தில் விளக்கு அணையும். அதுபற்றியே விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. விளக்கு அணைந்தால் இறங்கலாகாது என்பது நிச்சயம். அணையாவிடில் இறங்கலாம் என்பது நிச்சயமன்று. கழிவுத் தொட்டிகளில் தங்கும் ஹைட்ரஜன் ஸல்பைடு, விளக்கு எரியும்போதே ஆளைக் கொல்லும். அதன் நாற்றத்தை நம்பவும் கூடாது. அதிகமானால் அது மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். எரியும் வாயு இருப்பின் விளக்கே வெடிக்குக் காரணமாகும். கிணற்றுக்குள் ஆயில் எஞ்சினை இறக்கி ஓட்டுவதோ, மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடைத் தானே உண்டாக்கிக் கொள்வதாகும்.

விழுந்தவரைக் கண்டு மற்றொருவர் குதிப்பது இயற்கை. அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற்சுகாதார ஸ்தாபனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையில், இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தோரில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று கூறியிருக்கிறது. தைரியம் மிகுந்தவரே முதலில் சாகிறார். குதியாதே என்று அந்த வேளையில் சொல்லிப் பயனில்லை. தம்பியோ மகனோ கீழே கிடக்கும்போது எவர் கேட்பார்? குதிக்காமலே தூக்கும் சாதனம் முன்கூட்டியே மேலே இருத்தல் வேண்டும்.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், விஷவாயு தங்கக்கூடிய தொட்டியில் இறங்குபவர் தக்க சுவாசக் கருவி அணிந்து இடுப்பு வாரில் கயிறு பிணைத்திருக்க வேண்டுமென்றும், கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டுமென்றும் விதித்தது. அச்சட்டம் பெரும்பாலும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் யந்திரசாலைகளுக்கே உரியதாயிருந்தது. கிராமத்துக் கிணறு அதில் அடங்காது. எனினும் விஷவாயு ஆட்களை எண்ணிப் பார்த்துக் கொல்லுவதில்லை. கழிவுத் தொட்டிகளைப் பொறுத்தமட்டில், தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி குற்றமாகும். உறிஞ்சும் யந்திரத்தால் மேலிருந்தபடியே சுத்தம் செய்வதுதான் முதல் வழி.

கிணற்றுக்குள்ளும் கூடியவரை ஆள் இறங்காமலே வேலை முடிக்கப் பார்க்கவேண்டும். இறங்கியே தீரவேண்டுமானால், காற்றூதியின் குழாயை அடிமட்டம்வரை விட்டு நல்ல காற்றை முன்னதாகச் செலுத்தி, வாயு அளக்கும் கருவியால் சோதித்து, வேலை முடியும்வரை ஊதியை நிறுத்தாதிருத்தல் வேண்டும். இறங்குபவர் மார்பில் வார் அணிய, மேலே முக்காலியும் ராட்டினமும் அமைத்து, குறைந்தது இருவர் கயிற்றை விடாமல் நிற்கவேண்டும். குழைக்கட்டை ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கும் பழைய வழக்கம் வீணன்று. ஆனால் அதுமட்டும் போதாது.

இச்சாதனங்களை ஒரு விவசாயி தனியே வாங்குவது கஷ்டம். வருஷத்தில் ஓரிரு நாளே உபயோகப்படும் பொருளுக்கு எவரும் பணம் முடக்கமாட்டார். ஏர், தெளிப்பான் முதலியவற்றை வாடகைக்கு விடும் கூட்டுறவு சங்கம் காற்றூதி, வாயு அளவி, முக்காலி, வார், கயிறு ஆகியவற்றையும் ஒரு தொகுதியாக வைத்திருக்கலாம். யந்திரம் வாங்கக் கடன் கொடுக்கும்போது அடைப்பின் விலையையும் மதிப்பீட்டிலேயே சேர்த்து, அடைப்பு பொருத்தியதைப் பார்த்த பின்னரே கடைசித் தவணையை வழங்கலாம். கயிற்றை வருஷந்தோறும் கோடைக்கு முன் பளுவேற்றிச் சோதித்து, இற்றதைக் கழித்துவிட வேண்டும். பண்டகசாலையின் சாவி எவரிடம் இருக்கிறது என்பதையும், அவர் ஊரில் இல்லாதபோது எவரிடம் கேட்பது என்பதையும் சங்கத்தின் வாயிற்கதவில் எழுதி ஒட்டியிருத்தல் அவசியம்.