வெள்ளி ரூபாயா, வெள்ளி முலாமா?

நம்மில் பலர் வீட்டுப் பீரோவில் ராணி தலை, ராஜா தலை போட்ட பழைய ரூபாய்கள் நாலைந்தாவது இருக்கும். மூத்தோர் விட்டுச் சென்றவையாகவோ, காசுமாலையிலிருந்து கழற்றியவையாகவோ இருக்கும். படிப்புக் கட்டணம், மருத்துவச் செலவு என்று நெருக்கடி வரும்போது அவற்றை விற்கப் போகிறோம். சிலர் சேமிப்பாக எண்ணி வெளியில் வாங்கவும் செய்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் நஷ்டப்படாமல் இருக்க, அசல் காசையும் முலாம் பூசிய காசையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

முலாம் பூசிய காசு இரண்டு வகை. ஒன்று, தேய்ந்துபோன அசல் வெள்ளிக் காசின் மேல் புதிதாக முலாம் போட்டது. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பை மறைக்கவும் இப்படிச் செய்வார்கள். இதில் வெள்ளியின் மதிப்பு அப்படியே இருக்கும்; பழங்காசு சேகரிப்போர் தரும் கூடுதல் விலைதான் குறையும். மற்றொன்று, பித்தளை, செம்பு, நிக்கல் காசின் மேல் வெள்ளி பூசியது. இதை வெள்ளி விலைக்கு வாங்கினால் கொடுத்த பணம் போனதுதான்.

முதலில் காசில் உள்ள ஆண்டைப் பாருங்கள். 1862 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய்களின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்க்கும் எடை அதுவே. ஆனால் போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டதால், அதில் இருப்பது சுமார் 5.8 கிராம் மட்டுமே. பின்பக்கம் புலி உருவம் உள்ள 1947 ரூபாய் முழுக்க நிக்கல். அதில் வெள்ளியே கிடையாது.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்:

1. காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று முடிவு செய்துவிடாதீர்கள். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

2. பார்வை. தலைமுடி, கிரீடம், எழுத்து எல்லாம் மழுங்கியிருக்க, காசு மட்டும் கண்ணாடி போல் மின்னினால் சந்தேகப்படுங்கள். கைமாறி வந்த பழைய காசில் எழுத்துகளின் இடுக்கில் கறுப்பு படிந்திருக்கும். மேடான இடங்கள் வெளுத்திருக்கும். முலாம் போட்டதில் மேடும் பள்ளமும் ஒரே நிறமாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் சிறு கொப்புளங்களோ உரிந்த இடமோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

3. விளிம்பு. முலாம் முதலில் தேய்வது விளிம்பிலும் மூக்கு, கன்னம் போன்ற மேடுகளிலும்தான். அங்கே மஞ்சளோ செம்பு நிறமோ எட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது வேறு உலோகமாக இருக்கலாம்.

4. தண்ணீர் எடை. இதுவே நம்பகமான சோதனை. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு வேண்டும். முதலில் காசை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீருள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காசின் எடையை, தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 1939 வரையிலான அசல் காசுக்கு விடை 10.3 அளவில் வரும். 1940–45 காசுக்கு 9.5 அளவில் வரும். 9-க்குக் கீழே வந்தால் அது செம்போ பித்தளையோ நிக்கலோதான்.

கடையில் உரைகல்லில் உரைப்பதும், இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பதும் பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் காட்டும். முலாம் கனமாக இருந்தால் அவையும் ஏமாறும். எனவே எடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விற்கும் முன் காசைப் புளி, சாம்பல், பாத்திரப் பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம். ‘பளபளப்பாக இருந்தால் நல்ல விலை வரும்’ என்று யாராவது முலாம் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தக் கறுப்புதான் பழங்காசுக்குச் சாட்சி.

ஜகாத் கணக்குப் பார்ப்போருக்கும் இந்த எடை விவரங்கள் உதவும். 1940-க்கு முந்திய காசையும் பிந்திய காசையும் தனித்தனியே பிரித்து எழுதி, சட்ட விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மிடமுள்ள காசு முலாம் பூசியது என்று தெரிந்தால், வாங்க வருபவரிடம் அதைச் சொல்லியே விற்போம். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இருக்காது.