நரம்புகளும் எட்டடி விரியனும்

நாம் மண்வெட்டியைப் பிடிக்கிறோம், சோற்றை விழுங்குகிறோம், நித்திரையிலும் மூச்சு விடுகிறோம். இவை யாவும் நரம்புத்தொகுதியின் கட்டளைப்படியே நடக்கின்றன. அக்கட்டளை செல்லும் வழியை அறிந்தால், கொட்டில்களில் தரையில் படுத்துறங்கும் எமக்குள்ள ஓர் ஆபத்தையும் விளங்கிக்கொள்ளலாம்.

கட்டளை செல்லும் வழி

எமது மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. முண்ணாணிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்பு நார் ஏறத்தாழ 1 மீற்றர் நீளமானது. நார்களின் வழியே கட்டளை சிறு மின்துடிப்பாக ஓடுகிறது. வேகமான நார்களில் அது செக்கனுக்கு 100 மீற்றர் வரை செல்லும்.

ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. நரம்பின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு பைகளில் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் இருக்கிறது. துடிப்பு வந்ததும் பைகள் திறக்கின்றன. அப்பொருள் இடைவெளியைக் கடந்து தசையை அடைய, தசை சுருங்குகிறது. வாய்க்கால் நிறைய நீர் வந்தாலும் மடை திறந்தால்தான் வயலுக்குப் பாயும். நரம்பின் நுனியும் ஒரு மடை போன்றதே.

விஷம் செய்வது என்ன?

எட்டடி விரியன் கருநிற உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள் கொண்டது. இரவில் இரை தேடித் திரிவது. நித்திரையில் இருப்பவரே பெரும்பாலும் இதனால் கடிபடுகின்றனர். கடிவாயில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. பல்லடையாளம் தெரியாமலும் போகலாம். இதன் விஷம் அந்த மடையையே பழுதாக்குகிறது. மூளை கட்டளையிட்டாலும் தசைக்கு அது கிடைப்பதில்லை. வயிற்றுவலி வரலாம். கண்ணிமைகள் சோரும், பார்வை இரட்டையாகும், பேசவும் விழுங்கவும் முடியாது போகும். இறுதியில் சுவாசத் தசைகள் ஓய்ந்துவிடும்.

எதிர்விஷ மருந்து இரத்தத்திலுள்ள விஷத்தை முறிக்கும். பழுதான நுனியைத் திருத்தாது. ஆகவே தாமதம் கூடாது. நுனிகள் மீண்டும் வளர நாட்களோ வாரங்களோ செல்லும். அதுவரை சுவாச இயந்திரம் உயிரைக் காக்கும். அசைவற்றுக் கிடப்பவருக்கு நாம் பேசுவது கேட்கக்கூடும். இறந்துவிட்டார் என்று நாமாக முடிவு செய்து கைவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

1. நுளம்பு வலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின்கீழ் செருகிவிடுவோம். இயன்றால் பரண் அமைத்து அதன்மேல் படுப்போம்.

2. நெல் மூடைகளையும் விறகையும் படுக்கும் இடத்திலிருந்து விலக்கி வைப்போம். எலி உள்ள இடத்தைப் பாம்பு தேடிவரும்.

3. விடியற்காலையில் ஒருவருக்குக் காரணமின்றி வயிற்றுவலியோ கண்ணிமைச் சோர்வோ கண்டால், கடித்த அடையாளம் இல்லாவிடினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.

4. கடிவாயை வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்திருப்போம். உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைப்போம். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதியபடியே கொண்டு செல்வோம்.

கலந்துரையாடுவோம்

இரவில் ஒருவர் கடிபட்டால் எமது குடியிருப்பில் எந்த வாகனம் கிடைக்கும்? அதை யார் அழைப்பது? கிட்டிய வைத்தியசாலைக்குச் செல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?