சலுகை அல்ல, உரிமை

நம் சங்கக் குடும்பங்களில் பலர் அலுவலகத்தில் கணினியோடு பணிபுரிகிறோம். நாம் அனுப்பும் சுற்றறிக்கையைப் பார்வையற்ற சக ஊழியர் எவ்வாறு படிப்பார் என்று எண்ணியதுண்டா?

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நாம் கையெழுத்திட்டு 'ஸ்கேன்' செய்து அனுப்பும் தாள் கணினிக்கு வெறும் படம்தான். அதை இம்மென்பொருள் நேராக வாசிக்க இயலாது. 'பாவம், யாராவது படித்துக் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சட்டம் இதை இரக்கமாகக் கருதவில்லை. அரசுப் பணிகளில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய 3 விழுக்காட்டை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 4 ஆக உயர்த்தியது. வங்கிகளின் அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட இயலாத, அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது.

நாம் செய்யக்கூடியவை மூன்று:

1. ஸ்கேன் படத்துடன், தட்டச்சு செய்த மூலக்கோப்பையும் அனுப்புங்கள்.
2. படம், வரைபடம் இருந்தால் அதன் பொருளை ஓரிரு வரிகளில் எழுதுங்கள்.
3. 'சிவப்பில் உள்ளவை அவசரம்' என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 'அவசரம்' என்றே எழுதுங்கள்.

இவற்றுக்குச் செலவில்லை, சில நிமிடம் போதும். முதுமையில் நம் பார்வையும் மங்கலாம். இன்று பிறருக்காகத் திறக்கும் வழி நாளை நமக்கும் உதவும்.