தாழ்ந்த காரும் பெரிய பிரேக்கும்

கேள்வி: ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது, பெரிய பிரேக் மாட்டுவது எல்லாம் எங்கே தொடங்கின? அப்படிச் செய்தால் கார் சீக்கிரம் நிற்குமா? (வாசகர், ஷா ஆலம்)

பதில்: தாழ்த்தும் பழக்கம் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கிருந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களில் மணல் மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் தரையோடு ஒட்டி ஓட்டினார்கள். மெதுவாக ஊர்ந்து, பார்ப்பவர் கண்ணில் படுவதே அவர்கள் ஆசை. வேகம் அவர்கள் கணக்கில் இல்லை.

டிஸ்க் பிரேக் பந்தயத்தில் பேர் வாங்கியது. 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. டிரம் பிரேக் சூடேறினால் பிடி தளரும்; காற்று படும் டிஸ்க், சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி பிடித்தது.

இரண்டு வழியும் நம் பட்டறையில் ஒரே காருக்குள் வந்து சேர்ந்தன. சிக்கலும் அங்கேதான். ஆறு சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மீதி ஏறக்குறைய 20 விழுக்காடு விறைப்பாகும். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பரோ பழைய விறைப்புக்குச் செய்தது. சாலை மேட்டில் ஏறிய சக்கரத்தை அதனால் அடக்க முடியாது, டயர் துள்ளும். தரையில் படாத டயர் பிரேக் பிடிக்காது. ரொம்பத் தாழ்த்தினால் முன்சக்கரத்தின் கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது குழியில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

பெரிய பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பழைய பிரேக்கே சக்கரத்தை இறுக்கி நிறுத்துமானால், காரை நிறுத்தும் தூரத்தை இனித் தீர்மானிப்பது டயர்தான். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் சக்தி. கெந்திங் மலையிலிருந்து இறங்குபவருக்கு அது உதவும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரே ஒரு முறை அவசரமாக மிதிப்பவருக்கு உதவுவது நல்ல டயர். மொத்த விட்டம் கூடும்படி பெரிய ஸ்போர்ட் ரிம்மும் டயரும் போட்டால், அதே பிரேக்கின் பிடி தரைக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். முன்னும் பின்னும் உள்ள பிரேக் பங்கைக் குலைப்பது இன்னும் ஆபத்து: பின்சக்கரம் முதலில் இறுகினால் மழைச் சாலையில் கார் சுழன்றுவிடும்.

கேள்வி: ஹாஃப் கட் என்பது ஏன் புரோட்டோன் கார்களோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டது? (அதே வாசகர்)

பதில்: உடம்பு ஒன்று என்பதால். ஷா ஆலம் ஆலையிலிருந்து 1985இல் வெளிவந்த சாகாவும், 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லேன்சரின் வழியில் பிறந்தவை. ஜப்பானில் பழசாகிக் கழிந்த கார்களைக் குறுக்கே வெட்டி, உதிரிப் பாகமாக இறக்கும் முன்பாதிதான் ஹாஃப் கட். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அதோடு வரும். லேன்சரின் வேக வகையான எவல்யூஷனின் பாகங்கள் வீராவில் உட்காரும் என்று ஃபோர்மேன்களுக்குத் தெரிந்ததும் வியாபாரம் சூடுபிடித்தது. இன்ஜின் மட்டும் மாறி, பிரேக் பழையதாகவே இருந்த வண்டிகள்தான் பயங்கரம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110 ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு.

புரோட்டோன் நிறுவனம் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸை வாங்கியது. அதன் பிறகு சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களில் ஸ்பிரிங், அப்சோர்பர், டயர் மூன்றையும் லோட்டஸ் பொறியாளர்கள் ஒன்றுக்கொன்று பொருத்திச் சரிசெய்தார்கள். அந்த உழைப்பை ஓர் அறுக்கும் கருவி பத்து நிமிடத்தில் வெட்டி எறிந்துவிடும்.

ஆகவே, தம்பி, கையில் உள்ள காசில் முதலில் நல்ல டயர் வாங்குங்கள்; பிறகு புது அப்சோர்பர், பிரேக் எண்ணெய், பிரேக் பேட். இன்ஜினை மாற்றுவதானால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் வாகனச் சோதனையும் கட்டாயம். வெட்டிய ஸ்பிரிங் ஏற்கெனவே உங்கள் காரில் இருந்தால், இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.