கண் மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏழு அறிவுரைகள்

சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் பக்கம் கண் பரிசோதனை வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்கள் வீடியோ வைத்தியத்தை நம்புவதும் நம்பாததும் திரையில் தெரியும் டாக்டரைவிடப் பக்கத்தில் இருக்கும் உங்களைப் பொறுத்தது.

1. இது பெரும்பாலும் வலியில்லாத நோய் என்பதை மறக்காதீர்கள். சங்கர நேத்ராலயா திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. திறந்த கோண வகைக் கிளாக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் அதை அறியாமலே இருந்தார்கள். "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்பவரோடு வாதாடாதீர்கள். அவர் கண்ணின் படத்தையே திரையில் போட்டு, பார்வை நரம்பில் குழி விழுந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள்.

2. "டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கலையே" என்பது நியாயமான குறை. அதைத் தீர்ப்பது உங்கள் கை. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களில் இருபது ஆண்டுகளாக நடப்பது இதுதான்: பயிற்சி பெற்றவர்கள் பரிசோதிக்கிறார்கள், டாக்டர் வீடியோவில் பேசி முடிவு சொல்கிறார். அழுத்தத்தை அளந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆயா, உங்க வலது கண்ணுல 26. 21க்குள்ள இருந்தா நல்லது. இதைத்தான் டாக்டர் இப்பப் பார்க்கிறார்."

3. வீடியோவால் ஆகாததை மறைக்காதீர்கள். கண்ணின் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கவும், லேசருக்கும், அறுவை சிகிச்சைக்கும் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போய்த்தான் ஆக வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு ஏமாந்ததாக நினைக்கமாட்டார்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, எந்தக் கட்டத்திலும் வீடியோ வைத்தியம் வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

4. திடீரென்று கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று ஒருவர் வந்தால் வீடியோ வரிசையில் உட்கார வைக்காதீர்கள். டாக்டருக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

5. "மருந்து போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். பாட்டிலைக் கையில் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பலருக்குச் சொட்டு கன்னத்தில்தான் விழும். கீழிமையை இழுத்து, நுனி கண்ணில் படாமல் ஒரே சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்தணும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. ஆஸ்துமா உண்டா என்று கட்டாயம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். டிமோலால் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சடைப்பை உண்டாக்கலாம். நோயாளியின் இளைப்புச் சத்தம் டாக்டருக்குத் திரை வழியாகக் கேட்காது.

6. அவர்கள் நேரத்தை மதியுங்கள். படகு கரையேறி மீன் ஏலம் முடியும்வரை கடலோரக் குப்பத்து ஆட்கள் வரமுடியாது. அதற்குப் பிந்திய நேரம் கொடுங்கள். சென்னை போய் வந்தால் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலி மிஞ்சுவதால்தான் வீடியோவுக்குச் சம்மதிக்கிறார்கள். லைன் கிடைக்கவில்லை என்று இரண்டு மணி நேரம் காக்க வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

7. போன பார்வை திரும்பாது என்பதை டாக்டர் சொன்ன பிறகு நீங்களும் ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். புரை ஆபரேஷன் முடிந்து பளிச்சென்று பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அவர்கள் மனதில் வைத்திருப்பார்கள். மருந்து இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் என்று புரியாதவர், மூன்று மாதத்தில் "டிவி டாக்டர் மருந்து கேட்கலை" என்று நிறுத்திவிடுவார். தேதி தவறியவருக்குப் போன் செய்யுங்கள். கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துவரச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடரும் நோய். நீங்கள் அக்கறையோடு கூப்பிட்டால் அவர்களும் வருவார்கள்.